தேருக்குப் பின்னால் உருண்ட நாரி

பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா ஷப்பலில் என் தொழிலுக்கு இன்னும் ஒரு பெயர் கிடைக்கவில்லை. கதவில் கைரோபிராக்டர் என்று பிரெஞ்சில் பித்தளைத் தகடு போட்டிருக்கிறேன். அதை ஒருவரும் வாசிப்பதில்லை. கீழே சேலைக் கடையில் விசாரித்துவிட்டுத்தான் படியேறுவார்கள். "முதுகில நெட்டி முறிக்கிற பிள்ளை மேலையோ?" என்று அவர்கள் கேட்பதும், "ஓம், ஏறிப் போங்கோ" என்று கடைக்காரர் சொல்வதும் எனக்கு மேலே கேட்கும். வருடக்கணக்காகப் படித்து, பரீட்சை எழுதி, கடன்பட்டு இடம் எடுத்து, கடைசியில் நான் நெட்டி முறிக்கிற பிள்ளை. வந்தவர்கள் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எண்ணெய் போடுறேல்லையோ?" என்பார்கள். இல்லை என்றால் முகம் சுருங்கிவிடும். எண்ணெய் இல்லாத வைத்தியத்தை எங்கள் ஆட்கள் அரை வைத்தியமாகத்தான் எடுப்பார்கள்.

இதைவிட எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. விபத்தில் அடிபட்டவர்களுக்காகப் போய்ச் சாட்சி சொல்வது. எலும்பு முறிந்தால் சண்டையே இல்லை, எக்ஸ்ரே படத்தில் தெரியும். தசையும் நாரும் இழுபட்டால் எந்தப் படத்திலும் ஒன்றும் தெரியாது. காப்புறுதிக்காரர் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "எல்லாம் ஒழுங்காக இருக்கிறதே" என்பார்கள். அப்போது நீதிமன்றம் ஒரு வைத்தியரை எக்ஸ்பேர்ட்டாக நியமிக்கும். அவர் இரண்டு பக்கத்தையும் ஒரே அறையில் உட்காரவைத்து விசாரிப்பார். அந்த அறைக்கு, இந்த முதுகை இத்தனை மாதமாகத் தொட்டுப் பார்த்தவள் என்ற தகுதியில், சில வேளைகளில் என்னையும் கூப்பிடுவார்கள். நான் வைத்தியர் இல்லை என்பதை ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் எனக்கே ஞாபகப்படுத்துவார். நானும் ஒவ்வொரு தடவையும் நன்றி சொல்வேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

இப்படிப் போன இடங்களில் மறக்க முடியாதது ஒரு சமையல்கார அண்ணையின் விசாரணை.

அவர் இங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டி போடுகிறவர். கொத்து அடிக்கிற சத்தத்தைவிட அவருடைய வாய்ச் சத்தம் பெரிது. லா ஷப்பலில் அவரைப் போலப் புளுகுகிற ஆள் இல்லை. பிரான்சுக்கு வரும் வழியில் பனிக்காட்டில் ஓர் ஓநாய் தன் பின்னால் நடந்து வந்தது என்பார். அடுத்த கிழமை அது ஓநாய்க் கூட்டம் ஆகிவிடும். அதற்கடுத்த கிழமை கூட்டத் தலைவன் அவர் கையிலிருந்து பாண் ரொட்டித் துண்டை வாங்கித் தின்றுவிட்டுப் போயிருக்கும். எங்கள் ஆட்களுக்கு அவர் கதை பிடிக்கும். ஆனால் அவர் மழை பெய்கிறது என்று சொன்னால் வெளியே கை நீட்டிப் பார்த்த பிறகுதான் குடையை எடுப்பார்கள்.

விபத்து நடந்தது சென் தெனியில். சிநேகிதருடைய கார் சிக்னலில் நின்றபோது பின்னால் வந்த ஒரு சாமான் வான் இடித்துவிட்டது. பொலிஸ் பதிவில் வான் என்றுதான் இருக்கிறது. அண்ணையின் வாயில் அது லொறியாகி, நான் அவரைச் சந்தித்த நாளில் ட்ராம் ஆகியிருந்தது.

"நாரி விட்டுப்போச்சு தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டுதான் வந்தார். முதுகின் அடிப்பக்கத்தை நாங்கள் நாரி என்போம். வாழ்க்கையில் பாதி வலி எங்களுக்கு அங்கேதான்.

"பூச்சியத்திலிருந்து பத்துக்குள்ளை சொல்லுங்கோ. எவ்வளவு நோகுது?"

"இருபத்தைஞ்சு."

"அண்ணை, பத்துக்கு மேலை இல்லை."

"அப்ப உங்கட கணக்குப் பிழை."

எனக்குச் சினம் வந்தது. சரி, இதுவும் ஓநாய்தான் என்று நினைத்துக்கொண்டு அவரைக் குப்புறப் படுக்கவைத்தேன். நோ எங்கே என்று கேட்டுக் கேட்டு விரலால் அமர்த்தினால் நடிக்கிறவரும் துள்ளுவார். அதனால் நான் வேறு கதை கேட்பேன். "அந்த ஓநாய்க்குப் பிறகு என்ன நடந்தது?" என்றேன். அவர் உற்சாகமாகத் தொடங்கினார். கதை ஓடிக்கொண்டிருக்கும்போது சும்மா தடவுவதுபோல நாரியின் இடப்பக்கத்தில் விரலை ஊன்றினேன். கதை நின்றுவிட்டது. ஓநாய் வாயைத் திறந்தபடி பனிக்காட்டிலேயே நின்றது. என் விரலுக்குக் கீழே தசை பலகை மாதிரி இறுகியது. அந்த மனிதரைக் கதை நடுவில் நிறுத்த யாராலும் முடிந்ததில்லை. அவருக்கு உண்மையாகவே நோகிறது என்பதை அன்றைக்கு அறிந்துகொண்டேன்.

பிரச்சினை என்னவென்றால், அதை நம்பிய ஒரே ஆள் நான். படத்தில் ஒன்றும் இல்லை. காப்புறுதிக்காரர் இது பாசாங்கு என்று எழுத்திலேயே அனுப்பிவிட்டார்கள். கடை முதலாளி சிரித்தார். எல்லாரையும்விட மோசம் அவருடைய மனைவி. கார்ஜ் லே கொனெஸில் அவர்களுடைய அடுக்குமாடியில் லிப்ட் பழுதாகிக் கிடந்தது. அரிசி மூட்டையை மேலே ஏற்றுவது அதுவரை அண்ணையின் வேலை. ஒருநாள் கணவரைக் கூட்டிப்போக வந்த அக்கா, வாசலில் நின்றே எனக்கு ஆலோசனை சொன்னார்.

"தங்கச்சி, இவருக்கு நாரியில வருத்தமில்லை, அரிசி மூட்டையிலதான் வருத்தம். அதைக் கண்டாத்தான் நாரி பிடிக்கும். நீங்கள் உங்கட நேரத்தை மினக்கெடுத்தாதேங்கோ."

அக்கா படியிறங்கிய பிறகு அண்ணை சப்பாத்தைப் போடக் குனிய முடியாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்: "நான் விட்ட புளுகெல்லாத்தையும் சனம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டது. இது ஒண்டுதான் மெய். இதை வீட்டில மனிசியே நம்புறாளில்லை. காசு வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும் தங்கச்சி. எனக்கு நோகுதெண்டு ஆராவது ஒரு பெரிய ஆள் சொல்ல வேணும். அதைக் கொண்டுபோய் அவளுக்குக் காட்ட வேணும்."

எனக்கு அவர்மேல் முதன்முதலாகப் பாவமாக இருந்தது. சப்பாத்து நாடாவை நானே கட்டிவிட்டேன்.

கோடைக்குள் கொஞ்சம் தேறினார். விடுமுறைக்குப் பிறகு என் அறையைத் திறந்தால் முதல் ஆளாக வளைந்துபோய் வந்து நிற்கிறார். முழங்கையில் சிராய்ப்பு, தோளில் நீலமாய்க் கண்டல். என்ன நடந்தது என்று கேட்டேன். "பாத்ரூமில சறுக்கிப்போட்டுது" என்றார். நாரி பிடித்ததால்தான் சறுக்கியிருக்கிறார் என்று நானும் அதை விபத்துக் கணக்கிலேயே சேர்த்து என் அறிக்கையில் எழுதினேன். மாதங்கள் கழித்து வழக்கறிஞர் அழைத்தார். எக்ஸ்பேர்ட் என்னையும் கேட்க ஒத்துக்கொண்டாராம்.

விசாரணைக்கு முதல்நாள் அண்ணைக்கு வகுப்பே எடுத்தேன். "கேட்டதுக்கு மட்டும் பதில். வான் எண்டால் வான். பத்துக்கு மேலை போகக்கூடாது. ஓநாயைப் பற்றி மூச்சும் விடக்கூடாது." எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

மறுநாள் கலியாணக் கோட்டுச் சூட்டோடு, நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். எக்ஸ்பேர்ட் நரைத்த தலையோடு ஒரு அம்மா. அதிகம் பேசாதவர், சிரிப்பு என்ற சாமானை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்போல இருந்தார். எதிர்ப்பக்கத்தில் காப்புறுதியின் வைத்தியர். இளைஞர், மிகவும் மரியாதையானவர், அதனாலேயே எனக்குப் பயமாக இருந்தது. இந்தப் பக்கத்தில் அண்ணையின் வழக்கறிஞரும் நானும்.

தொடக்கம் பிரமாதம். வானை வான் என்றே அண்ணை சொன்னார். சமையலறையில் பழகிய பிரெஞ்சுதான், ஆனாலும் தடக்கமில்லை. நோவுக்கு எத்தனை என்று அந்த அம்மா கேட்டபோது என்னைப் பார்த்தார், எச்சிலை விழுங்கினார், "எட்டு" என்றார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. நானும் என் பங்கைச் சொன்னேன். எந்தத் தசை, எந்தப் பக்கம், எவ்வளவு திரும்ப முடிகிறது, எங்கே நிற்கிறது. காப்புறுதி வைத்தியர் நான் வைத்தியர் இல்லை என்பதை ஞாபகப்படுத்தினார். நன்றி சொன்னேன்.

பிறகு அவர் தன் டேப்லெட்டை எடுத்து மேசை நடுவில் நிமிர்த்தி வைத்தார். "பொதுவில் கிடந்த வீடியோ. பார்க்கலாமா?" என்றார்.

லா ஷப்பல் தெரு. பிள்ளையார் தேர். நாதசுரம், தேங்காய்த் தண்ணீரில் ஊறிய தார் ரோட்டு, முன்னால் சிரட்டைகளைக் கூட்டித் தள்ளுகிற தொண்டர்கள். தேருக்குப் பின்னால் வேட்டியோடும் வெறும் மேலோடும் ஆண்கள் ரோட்டில் உருண்டு வருகிறார்கள். பிரதட்டை. எங்கள் கோயில்களில் நேர்த்தி வைத்தவர்கள் செய்வது. முன்னால் உருண்டவரின் முகம் கமராப் பக்கம் திரும்பியது.

"நான்தான்!" என்று அண்ணை பிரெஞ்சில் பெருமையாகச் சொன்னார்.

வழக்கறிஞர் கண்ணை மூடிக்கொண்டார். எக்ஸ்பேர்ட் அம்மா என் அறிக்கையைப் புரட்டி, வீடியோவின் திகதியைப் பார்த்து, என்னை நிமிர்ந்து பார்த்தார். "இங்கே குளியலறையில் விழுந்ததாக எழுதியிருக்கிறீர்கள். குளியலறை எங்கே?"

எனக்குக் காது சுட்டது. அவரிடமே அனுமதி கேட்டு அண்ணையிடம் தமிழில் திரும்பினேன். "அண்ணை, என்ன இது?"

"நேர்த்தி, தங்கச்சி."

"என்ன நேர்த்தி?"

"இந்த அம்மா மாதிரி ஒரு பெரிய ஆள் என்னை நம்ப வேணுமெண்டு."

"அவ நம்பின பிறகெல்லோ உருளுறது? இப்ப ஆர் உங்களை உருளச் சொன்னது?"

அண்ணை என்னை விளக்கமில்லாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "பிறகு செய்யிறன் எண்டு நான் சொன்னா பிள்ளையார் நம்புவாரோ? அவரும் லா ஷப்பலிலதானே இருக்கிறார். என்ர கதையெல்லாம் கேட்டிருப்பார். அதுதான் முதலே செய்து முடிச்சிட்டன். உங்களிட்டைச் சொன்னால் ஏசுவியள் எண்டு பாத்ரூமெண்டு சொன்னனான்."

எனக்கு அவரை அந்த இடத்திலேயே நெட்டி முறிக்க வேண்டும்போல இருந்தது. ஆனாலும் சொன்னதைச் சொன்னபடி பிரெஞ்சில் சொன்னேன். கடவுளே நம்பமாட்டார் என்ற பயத்தில் வேண்டுதலை முன்கூட்டியே நிறைவேற்றிய ஒரு மனிதரை அந்த அறை அதற்கு முன் கண்டிருக்காது. காப்புறுதி வைத்தியர் குனிந்து தன் பேனாவைத் தேடினார். பேனா அவர் கையில்தான் இருந்தது. தோள்கள் குலுங்கின.

வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு பெண் குரல் கேட்டது. "இந்தப் பெண் என்ன சொல்கிறார்?" என்று எக்ஸ்பேர்ட் அம்மா கேட்டார்.

குரலை நான் உடனே கண்டுபிடித்துவிட்டேன். அக்காதான் தன் தங்கைக்குக் காட்ட நேரலையில் போட்டிருக்கிறார். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் அண்ணையும் நானும்தான். பக்திப் பாட்டு என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் சாட்சி சொல்ல வந்தவளுக்கு அந்த வசதி இல்லை. "பாரடி, பார். வீட்டில அரிசி மூட்டை தூக்க ஏலாதாம். ரோட்டில உருள மட்டும் ஏலும். நடிப்பு, எல்லாம் நடிப்பு" என்று அக்கா சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன்.

"இவர் யார்?"

"நோயாளியின் மனைவி."

வழக்கறிஞர் கூரையைப் பார்த்தார். அண்ணை மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றித் திருநீறு வியர்வையில் இறங்கியிருந்தது.

"இந்த வீடியோ உங்கள் அறிக்கையோடு பொருந்துகிறதா?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார். நான் திரும்பப் போட்டுப் பார்க்கக் கேட்டேன். பார்த்தேன். முதலில் எனக்கும் ஒன்றும் ஓடவில்லை. பிறகுதான் அண்ணைக்குப் பின்னால் உருண்டவர் கண்ணில் பட்டார். அவருக்குத் தோள் முதலில் திரும்புகிறது, இடுப்பு பின்னால் வருகிறது. நல்ல முதுகு அப்படித்தான் உருளும். அண்ணைக்குத் தோளும் இடுப்பும் ஒன்றாக, தென்னங்குற்றி மாதிரித் திரும்புகின்றன. அதுவும் அவராகத் திரும்பவில்லை. பிரதட்டை செய்கிறவர்களுக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று தள்ளிவிடுவது வழக்கம். மற்றவர்களை அவர்கள் தொட்டும் தொடாமலும் விடுகிறார்கள், இவரை உருட்டிக்கொண்டே போகிறார்கள். இதைச் சொன்னேன். காப்புறுதி வைத்தியர் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். "உண்மைதான், முறுக்கமே இல்லை" என்று ஒத்துக்கொண்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் அறிக்கையில் குளியலறை இருந்தது. "இன்னொன்றையும் திருத்த வேண்டும்" என்றேன். "விடுமுறைக்குப் பிறகு நான் கண்ட மோசமான நிலைக்கு வான் காரணமில்லை. இந்த ரோட்டுத்தான் காரணம். அந்தப் பகுதியை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்." மேசைக்குக் கீழே வழக்கறிஞரின் சப்பாத்து என் காலைத் தேடிக் கண்டுபிடித்தது. எக்ஸ்பேர்ட் அம்மா அதை எழுதிக்கொண்டார்.

நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டிருக்க வீடியோவை ஒருவரும் நிறுத்தவில்லை. தேர் தரித்து நின்றது. மற்றவர்கள் எழும்பித் தூசி தட்டினார்கள். அண்ணை எழும்பவில்லை. ஒரு கையை ஊன்றிப் பார்த்தார், மறு கையை ஊன்றிப் பார்த்தார், கடைசியில் தவழுகிற பிள்ளைபோல நாலு காலில் நின்றார். அதற்கு மேல் வரவில்லை. காப்புறுதி வைத்தியர் டேப்லெட்டை மூடக் கை நீட்டினார்.

"விடுங்கள், ஓடட்டும்" என்றார் அந்த அம்மா.

படம் ஆடியது. அக்கா ஓடுகிறார். பிறகு இருட்டு. போனை நிறுத்தாமல் கைப்பைக்குள் போட்டிருக்கிறார். கறுப்புத் திரையில் குரல் மட்டும் வந்தது. "பிடியுங்கோ, பிடியுங்கோ... மெதுவா..." பிறகு மூச்சு வாங்குகிற சத்தம். பிறகு, யாருக்கும் கேட்காத மாதிரித் தனக்குள் அழுதுகொண்டு: "பிள்ளையாரே, இந்த மனுசனுக்கு மெய்யாத்தான் நோகுது. நான் நம்பேல்லையே. நான் நம்பேல்லையே அப்பனே."

அண்ணை அதை முதன்முதலாக அங்கேதான் கேட்டார். தேரன்றைக்கு அவரைப் பிடித்துத் தூக்கிய அக்கா, வீட்டுக்குப் போனதும் வழக்கம்போல ஏசத் தொடங்கியிருக்கிறார். தான் நம்பியதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வீடியோவில் தான் உருண்ட பகுதியை மட்டும் தெரிந்தவர்கள் காட்டினார்களாம், முடிவுவரை அவரும் பார்த்ததில்லை. வாயைத் திறந்தார். அந்த வாயிலிருந்து ஒன்றுமே வராததை அன்றைக்குத்தான் கண்டேன்.

"அந்த மனைவி இப்போது என்ன சொல்கிறார்?" என்று எக்ஸ்பேர்ட் அம்மா கேட்டார்.

நான் சொன்னேன். சாட்சி சொல்ல வந்த இடத்தில் அழக்கூடாது என்று எனக்குத் தெரியும், ஆனால் என்ன செய்ய?

அந்த அம்மா எழுந்து அண்ணையைப் பரிசோதித்தார். கோட்டைக் கழற்ற அவருக்குக் காப்புறுதி வைத்தியர்தான் உதவி செய்தார்.

சில கிழமைகளில் முடிவு வந்தது. விபத்தால் வந்த காயம் உண்மையானது. அதற்குப் பிறகு ரோட்டால் வந்தது தனி, அது கணக்கில் சேராது. இரண்டும் நியாயம். வழக்கறிஞர் என்னோடு கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அண்ணை அந்த முடிவைப் பிரதியெடுத்துக்கொண்டு லா ஷப்பல் முழுக்கத் திரிந்தார். அதில் உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தால் போதும். அவர் வாய் விடுமா? எக்ஸ்பேர்ட் அம்மா எழுந்து நின்று தனக்குக் கைகூப்பினாராம். காப்புறுதி வைத்தியர் அடுத்த வருசம் தானும் உருளக் கோயில் விலாசம் கேட்டாராம். சேலைக் கடைக்காரர் படியேறி வந்து என்னிடம் இரகசியமாகக் கேட்டார்: "பிள்ளை, அந்தக் கடுதாசி மெய்யோ, இல்லாட்டி அவர் தானே ரைப் அடிச்சதோ?"

அதன் பிறகு ஒரு சனிக்கிழமை அண்ணையோடு அக்காவும் வந்தார். இந்தத் தடவை வாசலில் நிற்கவில்லை, உள்ளே வந்தார். அண்ணையின் பையை அக்காதான் தூக்கிக்கொண்டு வந்தார்.

"வீட்டில நான் அமத்திவிடலாமோ? எப்பிடியெண்டு காட்டித் தாங்கோ" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டார்.

அண்ணையைக் குப்புறப் படுக்கவைத்தேன். அக்காவின் கையை எடுத்து நாரியின் இடப்பக்கத்தில் வைத்து, அதன் மேல் என் கையை வைத்தேன். அலுவலகங்கள் துடைத்துத் துடைத்துத் தடித்துப்போன கை. எவ்வளவு அமர்த்த வேண்டும் என்று காட்டுவதற்குள் அவசரத்தில் அக்கா முழுப் பலத்தோடு அமர்த்திவிட்டார்.

"ஐயோ, நோகுதோ?"

"இல்லை" என்றார் அண்ணை.

"மெய்யாவோ?"

"மெய்யாத்தான். ஒண்டுமில்லை. நீ அமத்து."

அக்காவின் கைக்குக் கீழே அவருடைய தசை பலகையாக இறுகித் துள்ளியது என் கைவரைக்கும் வந்தது. அப்பட்டமான பொய். அன்றைக்கு என்னைச் சாட்சிக்கு யாரும் கூப்பிடவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.